பொருள்: உங்கள் எபாக்ஸி செட்டால் பாழான நாணயத் தரை: ஐந்தாவது முறையாக எழுதும் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் வந்த பதில் ஒன்றேதான்: "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது." அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து தரைக்கு ஊற்றும் உங்கள் எபாக்ஸிப் பிசினில் 3 லிட்டர் செட் இரண்டு வாங்கினேன். நாணயம் பதித்த தரையின் படத்தைப் பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய ஒருவர் என்னிடம் கேட்டது இது: "காசைக் கொண்டுபோய் யாராவது தரையில ஒட்டுவாங்களா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?" உங்கள் பெட்டியை அவர் ஒருநாளாவது பார்த்திருப்பாரா? அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதலில் தரையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கையில் மிஞ்சிய அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை வருஷக்கணக்காகத் தகர டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு அவற்றைச் செலவழிக்கவும் மனசில்லை, பூட்டி வைக்கவும் மனசில்லை. வீட்டைப் புதுப்பிக்கும்போது நுழைந்ததும் கால் வைக்கிற 20 சதுர அடியில் பதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு சென்ட் காசின் விட்டம் 19.05 மில்லிமீட்டர். தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கினால் சதுர அடிக்கு ஏறக்குறைய 295 காசு பிடிக்கும். மொத்தம் 5,900 காசுகள். ஒவ்வொன்றையும் கழுவி, துடைத்து, உலர்த்தி, கறுத்தது ஓரத்திலும் பளபளப்பானது நடுவிலுமாக வரும்படி கையால் ஒட்டினோம். இரண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது.

அதன் மேல்தான் உங்கள் எபாக்ஸியை ஊற்றினோம். 72 மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி இறுகும் என்று போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு 47 நாள் ஆகிறது. கால் வைத்தால் ஒட்டுகிறது. தூசியும் தலைமுடியும் அப்படியே பிடித்துக்கொள்கின்றன. நகத்தால் அழுத்தினால் பிறை மாதிரி தடம் விழுந்து, மறுநாளும் அப்படியே இருக்கிறது. அதைவிடக் கொடுமை, காசுகளின் விளிம்பைச் சுற்றி நீலப்பச்சையாகக் கறை கிளம்பியிருக்கிறது. முதலில் பத்துப் பதினைந்து காசில் தெரிந்தது. இப்போது எண்ண முடியவில்லை.

காரணம் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தயாரிப்பவர்களே நீங்கள்தானே. ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு கலக்க வேண்டும். டப்பாவின் லேபிளில் அது "2:1, கொள்ளளவில்" என்று இருக்கிறது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளில் "2:1, எடையில்" என்று இருக்கிறது. நான் தாளைப் படித்து, தராசில் வைத்து, கிராம் பிசகாமல் கலந்தேன். ரெசின் கனமானது, ஹார்டனர் அதைவிட லேசானது. எடை போட்டு எடுத்தால் ஹார்டனர் கூடுதலாகத்தான் விழும். ஹார்டனர் இறுகலை வேகப்படுத்துகிற பொருள் மட்டும் இல்லை, ரெசினோடு இணைந்து அதுவே கெட்டிப்படுவது. இணையக் கிடைக்காமல் மிஞ்சியது உள்ளேயே நின்று பிசுபிசுக்கிறது. ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் காசின் செம்பைத் தொட்டால் நீலப்பச்சை வராமல் வேறு என்ன வரும்? வாங்கியவன் நான் உட்கார்ந்து உங்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது.

சும்மா சொல்லவில்லை, செய்தும் பார்த்தேன். மிச்சமிருந்ததைக் கொண்டு ஓரடிக்கு ஓரடி பலகையில் காசு ஒட்டி, ஒரு பாதிக்கு அளவுக் குவளையாலும் மறு பாதிக்குத் தராசாலும் கலந்து ஊற்றினேன். அதே செட், அதே காசு, அதே நாள். குவளையால் அளந்த பாதி மூன்றாம் நாள் கல்லாக இருந்தது. தராசுப் பாதி இன்றும் குழைகிறது. "ஈரக்காற்றால் இருக்கும்", "காசில் எண்ணெய் இருந்திருக்கும்" என்றெல்லாம் உங்கள் ஆட்கள் சொன்னதற்கு அந்தப் பலகையே பதில்.

அந்தப் பலகையைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கொண்டு வரச் சொன்னதே நீங்கள்தான். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு வந்தவர் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டெக்னிக்கல் ஆள் இன்னைக்கு லீவு, போன் பண்ணிட்டு வாங்க" என்றார். போன் பண்ணிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பலகையைத் திரும்பச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் போன் செய்தபோதுதான் நான் மேலே சொன்ன ஆள் எடுத்தார். லேபிளும் தாளும் வேறு வேறு சொல்வதைச் சொன்னேன். "கலக்கத் தெரியாதவங்க எல்லாம் ஏன் வாங்குறீங்க?" என்றார். காசைத் தரையில் ஒட்டுவதே சட்டவிரோதம், புகார் கொடுத்தால் நான்தான் மாட்டுவேன் என்றும் மிரட்டினார். காசை மோசடி நோக்கத்தோடு சிதைப்பதையும், ஒரு சென்ட் காசை உருக்குவதையும் அமெரிக்கா தடை செய்திருக்கிறது. தரையில் பதிப்பது இரண்டிலும் சேராது. அப்படியே குற்றமென்றால் உங்கள் பெட்டிப் படத்துக்கு என்ன பெயர்? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். கேட்டுப் பாருங்கள் என்று மரியாதையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அவரே கடைசியில் ஒரு யோசனையும் சொன்னார்: சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டுமாம். 1982க்குப் பிறகு வந்த சென்ட் காசில் உள்ளே இருப்பது துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும்தான். துத்தநாகம் 420 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். சுரண்டினால் பூச்சு போய்க் காசு வெளுத்துவிடும். போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அமெரிக்காவில் புழக்கத்துக்கான சென்ட் காசு அச்சடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அப்படியே கிடைத்தாலும் அவை என் அப்பா கைபட்ட காசு ஆகுமா?

கதவோரத்தில் ஒரு காசு மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். 1943ஆம் வருஷத்துக் காசு. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த, எஃகில் துத்தநாகம் பூசி அடித்தது. சின்ன வயதில் அப்பா காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய், அது துள்ளி ஒட்டுவதைக் காட்டுவார். அந்த ஒரு காசுக்காகத்தான் கதவோரத்தில் இடம் விட்டு அடுக்கினோம். இப்போது அதன் மேல் உங்கள் பிசின் கலங்கலாகப் படிந்து, அதில் ஒரு எறும்பு ஒட்டிச் செத்துக் கிடக்கிறது. நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் இந்த நஷ்டம் தீராது. எங்கள் வீட்டு வாசலே போய்விட்டது. வருகிறவர்களைப் பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

எனக்கு உங்களோடு சண்டை போடுவதில் விருப்பமில்லை. இரண்டு செட்டுக்கும் நான் கொடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, காசு கெடாமல் இந்தப் படலத்தை எடுத்துத் தாருங்கள். முடியாதென்றால் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். அந்தச் செய்முறைத் தாளை இனி ஒரு பெட்டியிலும் வைக்காதீர்கள், இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டாம். போனில் அப்படிப் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

15 நாள் பொறுக்கிறேன். அதற்குள் ஆள் வரவில்லை என்றால் லேபிள், செய்முறைத் தாள், ரசீது, தேதி போட்ட படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அதற்குப் பிறகு சமாதானம் பேச வராதீர்கள்.

பலகையைப் பின்கதவுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்புகிறவர் முதலில் அதன் இரண்டு பாதியையும் நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். பிறகு தரைக்கு வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்