மூக்கில் விடும் தடுப்பு மருந்து: முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கு ஆய்வுக்கூட வேலையைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆகவே சொல்லவில்லை. இங்கு அனைவரும் நலம். சபாபதி மறுபடியும் கவிதை எழுதத் தொடங்கிவிட்டான்; எச்சரிக்கையாக இரு.

எங்கள் குழு இனி மூக்கில் விடும் தடுப்பு மருந்தைத்தான் ஆராயப்போகிறது. மூக்கு வழியாக வரும் கிருமிக்குத் தோளில் ஏன் குத்துகிறீர்கள் என்று கொரோனாக் காலத்தில் என்னைக் கேலி செய்தாயே, அது நியாயமான கேள்விதான். தசையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பெருக்கி, நோய் நுரையீரலில் முற்றாமல் காக்கிறது. ஆனால் வைரஸ் முதலில் வந்து ஒட்டும் சளிச்சவ்வில் காவல் நிற்க வேண்டிய ஐஜிஏ எதிர்ப்பொருளை அது போதிய அளவு உண்டாக்குவதில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் தொற்று வந்து பிறருக்குப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக, சொட்டு விட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதே. உள்ளே விழும் எதையும் மூக்கு சில நிமிடங்களிலேயே, நம் விடுதிக் காப்பாளர் கட்டணம் கட்டாதவர்களை வெளியேற்றியதைப் போல, சளியோடு தொண்டைக்குத் தள்ளிவிடுகிறது. 2023 ஜனவரி 26 அன்று பாரத் பயோடெக் அறிமுகப்படுத்திய கொரோனா நாசிமருந்து, சிம்பன்சியின் அடினோவைரஸை வாகனமாக்கி இந்தத் தடையைக் கடக்க முயன்றது. நாங்களோ இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் வைரஸின் புரதத்தைப் பொதிந்து, சளியில் ஒட்டவைத்துப் பார்க்க நினைக்கிறோம்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. வெறும் புரதத்தை மூக்கு பொருட்படுத்தாது, எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் வீரியமான துணைப்பொருள் சேர்த்தே ஆகவேண்டும் என்று குழுவின் இளையவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2000இல் விற்பனைக்கு வந்த ஃப்ளூ நாசிமருந்தில் ஈ. கோலை நச்சுப்பொருளை அப்படித்தான் சேர்த்தார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு முகவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 19 மடங்கு என்று பின்னர் கணக்கிடப்பட்டது. நலமாக இருப்பவனுக்குக் கொடுக்கும் மருந்தில் அப்படி ஓர் ஆபத்தை எப்படி ஏற்பது?

நான் நம்பியிருப்பது யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி குழுவினர் 2022இல் வெளியிட்ட முடிவை. முதலில் எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா ஊசி போட்ட எலிகளின் மூக்கில், துணைப்பொருள் எதுவுமின்றி வைரஸின் கூர்முனைப் புரதத்தை மட்டும் விட்டபோதே, மூச்சுப்பாதையில் ஐஜிஏவும், கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கும் நினைவு செல்களும் தோன்றின. உன் வேலூரில் 2014இல் கண்டதோ தலைகீழ் வரிசை: போலியோ சொட்டு மருந்து பெற்றிருந்த குழந்தைகளுக்குப் பிறகு ஒரே ஓர் ஊசி போட்டதும் குடலின் எதிர்ப்பாற்றல் உயர்ந்தது. நம் மக்களில் பெரும்பாலோர் கொரோனா ஊசியை ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் என்பதால் யேல் வரிசையே நமக்குப் பொருந்தும் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாதாடப்போகிறேன். எலியின் மூக்கும் மனிதனின் மூக்கும் ஒன்றா என்று எவனாவது கேட்பான். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல விடை இல்லை. உனக்கு ஏதேனும் தோன்றினால் அதற்குள் எழுது.

அன்புடன்,
ராகவன்