நொரிச் சுற்றுலா: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நொரிச் நகருக்குக் கூட்டிப் போகிறோம் என்று போன கிழமை அறிவித்திருந்தேன். அன்றைக்கே வாசலில் ஒரு அப்பா என்னை மறித்து, "ரீச்சர், இவ்வளவு தூரம் போய் ஒரு பழைய சேர்ச்சையோ பாக்கப் போறியள்? மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாசலில் நின்று சொல்லி முடிகிற பதிலாக இல்லை என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

நாங்கள் பார்க்கப் போகும் இடம் இப்போது சேர்ச் இல்லை. சென்ற் அன்ட்ரூஸ் மண்டபம், பிளாக்ஃபிரையர்ஸ் மண்டபம் என்று ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு மண்டபங்கள். கச்சேரி, கண்காட்சி, கலியாணம், விருந்து எல்லாம் அங்கே நடந்திருக்கின்றன. வருடா வருடம் பியர் திருவிழாவும் நடந்த இடம் அது. (நாங்கள் போகும் நாளில் அது இல்லை, விசாரித்துவிட்டேன்.) முதலில் இரண்டும் சேர்ந்து ஒரே தேவாலயமாக இருந்தன. கட்டியவர்கள் டொமினிக்கன் துறவிகள். அவர்கள் கறுப்பு மேலங்கி அணிந்ததால் வந்த பெயர்தான் பிளாக்ஃபிரையர்ஸ். லண்டனில் அந்தப் பெயரில் ரயில் நிலையம் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கேயும் இதே சபையின் மடம் ஒன்று இருந்தது. இன்று பெயரைத் தவிர அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. நொரிச்சில் மிஞ்சியது. இங்கிலாந்தில் இவ்வளவு முழுமையாகத் தப்பிய துறவியர் மடம் வேறில்லை என்றே சொல்கிறார்கள்.

ஏன் தப்பியது என்பதுதான் நான் பிள்ளைகளைக் கேட்கப் போகும் கேள்வி. பாதிப் பதில் கட்டடத்திலேயே இருக்கிறது. இந்தத் துறவிகள் காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் இல்லை. ஊருக்கு நடுவில் இருந்து, தானம் பெற்றுச் சாப்பிட்டு, சனங்களுக்குப் பிரசங்கம் செய்வதே அவர்களின் வேலை. பிரசங்கம் என்றால் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு இடம் வேண்டும். அதனால் மக்கள் நிற்கும் பகுதியை அகலமாக, உயரமாக, மெல்லிய தூண்களோடு கட்டினார்கள். பேசுகிறவரைத் தூண் மறைக்கக்கூடாது அல்லவா? நொரிச்சில் 1413இல் பழைய கட்டடம் தீயில் அழிந்தது. இப்போது நிற்பது பெரும்பாலும் 1440க்கும் 1470க்கும் இடையில் எழுந்தது. தூண் வரிசைகள் பிரிக்கும் ஏழு பகுதிகள், அவற்றுக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் பதினான்கு சன்னல்கள். உள்ளே நின்று மேலே பார்த்தால் சுவர் குறைவு, வெளிச்சம் அதிகம் என்றுதான் தோன்றும்.

துறவிகள் தங்களுக்குள் கூடிச் செபிக்கும் பகுதி தனியாகக் கிழக்கில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைவழி, அதற்கு மேலே எண்கோணக் கோபுரம். 1712இல் கோபுரம் விழுந்துவிட்டது. பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்வேன். வடக்கே முற்றமும் அதைச் சுற்றி ஓடும் நடைகளும் இருக்கின்றன. அம்மம்மாவின் நாற்சார் வீட்டைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதன் அமைப்பை நான் விளக்கத் தேவையே இல்லை.

சரி, மிச்சப் பாதிப் பதில் காசு. 1538இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். அந்தக் காலத்தில் மூடிய மடங்களின் கூரையில் இருந்த ஈயத்தை உரித்து உருக்கி விற்பதுதான் வழக்கம். ஈயம் போனால் மழை உள்ளே இறங்கும், பிறகு கட்டடம் கற்குவியல்தான். நொரிச் நகரசபைக்காரர் ஒகஸ்ரின் ஸ்ருவர்ட் முந்திக்கொண்டார். "எங்கள் ஊருக்கு ஒரு பெரிய மண்டபம் வேண்டும்" என்று அரசரிடம் கேட்டு வாங்கினார்கள். கட்டடத்துக்கு 81 பவுண், கூரையில் இருந்த ஈயத்துக்கு மட்டும் 152 பவுண்! ஈயத்துக்கும் சேர்த்துக் காசு கட்டியதால்தான் கூரை கூரையாகவே இருந்தது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதற்குப் பிறகு அந்த இடம் எதற்குத்தான் பயன்படவில்லை! மேயரின் விருந்துகள் நடந்தன, தானியம் வைத்தார்கள், 1690களில் நாணயம் அடித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முற்றத்தைச் சுற்றிய அறைகளில் ஏழைகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1671இல் அரசர் இரண்டாம் சார்ள்ஸ் வந்து விருந்துண்டு, தோமஸ் பிரவுண் என்ற மருத்துவருக்கு இங்கேயே சேர் பட்டம் கொடுத்தார். 1824இல் இருந்து பெரிய இசை விழாக்கள். நம்முடைய பள்ளியும் சனிக்கிழமை காலையில் ஒரு சேர்ச் மண்டபத்தில் நடக்கிறது, நாம் கதிரைகளை அடுக்கிவிட்டு வெளியே வரும்போது கராத்தே வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். ஆகவே இந்த விஷயம் நம் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்காது.

ஆனால் நான் அதிக நேரம் நிற்கப் போவது கிழக்குப் பக்கத்துப் பிளாக்ஃபிரையர்ஸ் மண்டபத்தில். 1565இல் நொரிச்சில் நெசவுத் தொழில் படுத்துவிட்டது. நகரத்தவர்கள் எலிசபெத் அரசியிடம் அனுமதி பெற்று முப்பது நெசவுக் குடும்பங்களைக் கடலுக்கு அப்பால் இருந்து வரவழைத்தார்கள். ஸ்பானிய ஆட்சியின் மதக் கெடுபிடியில் இருந்து தப்பியவர்கள், இருபத்துநான்கு டச்சுக் குடும்பங்கள், ஆறு வலூன் குடும்பங்கள் (வலூன் என்றால் இன்றைய பெல்ஜியப் பக்கத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள்). ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் "அந்நியர்". பின்னர் பல்லாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் மொழியில் வழிபட, துறவிகள் செபித்த அந்தப் பகுதி கொடுக்கப்பட்டது. அங்கே போதகராக இருந்த யொஹானஸ் எலிசனையும் அவர் மனைவியையும் 1634இல் டச்சு ஓவியர் றெம்பிரான்ற் வரைந்த ஓவியங்கள் இப்போது அமெரிக்காவின் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நொரிச் உதைபந்தாட்ட அணியைக் கனரி என்று அழைப்பதற்கும் இவர்கள் கொண்டுவந்து வளர்த்த கனரிக் குருவிகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பந்துக் கதை வந்தால் பையன்கள் கேட்பார்கள் என்பதும் என் கணக்கில் உண்டு.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும்: கட்டடத்தில் எந்தப் பகுதி எந்தக் காலத்து வேலை, எதை வைத்துச் சொல்கிறாய்? ஒரு சின்ன எச்சரிக்கை. தெற்கு வாசல் முகப்பு 1863இல் நடந்த திருத்த வேலை. அதைப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று எழுதினால் மதிப்பெண் குறையும். வீட்டில் இதைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம்.

பஸ் காலை 7 மணிக்குப் பள்ளி வாசலில் இருந்து புறப்படும், மாலை 7 மணியளவில் திரும்பும். மதியச் சாப்பாடு, தண்ணீர், மழை அங்கி, பென்சில், கோடில்லாத கொப்பி ஒன்று கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் மீன் கறி வேண்டாம், போன வருடம் பட்டது போதும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் தாருங்கள். கட்டணம் சிரமமாக இருந்தால் என்னிடம் தனியே ஒரு சொல் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம். துணைக்கு இன்னும் இரண்டு பெற்றோர் தேவை. மிருகக்காட்சிச்சாலை கேட்ட அப்பா வந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்