வெள்ளிக்கிழமைக்குள் போன் எடு

தலவாக்கலை
ஞாயிறு இரவு

மச்சான்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் போனுக்கு வைத்துக்கொள். வீட்டில் சுகம். நெட்டையனுக்கு மூன்றாவதும் பெண்; மீசையை எடுத்துவிட்டான், பந்தயத்தில் நீ தோற்றாய்.

எழுதுவது தம்பி விஷயமாக. சவுக்கு மரத்திலிருந்து விழுந்து வருகிற மாசியோடு இரண்டு வருடம். போன வாரம் கொழும்பிலிருந்து ஒரு ஆள் லயத்துக்கே வந்தான். சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்து, அம்மா கொடுத்த பிளேன்டீயையும் குடித்துவிட்டு, வழுவழுப்பான தாள் ஒன்றை விரித்தான். இந்தியாவில் 'ஸ்டெம் செல்' ஊசியாம் (உடம்பின் வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்கள்), மூன்று தடவை போட்டால் முதுகுத் தண்டு சரியாகிவிடுமாம். தொகையைச் சொன்னதும் அம்மா எழுந்துபோய், சேமலாப நிதிப் பணம் கிடக்கிற வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டாள்.

பாதிப் பழி எனக்குத்தான். படுத்துக் கிடக்கிறவனுக்குப் பொழுது போகட்டும் என்று ஜப்பான் விஞ்ஞானி யமனாக்காவின் கதையைச் சொன்னதே நான். 1998இல் அமெரிக்காவில் மனிதக் கருவிலிருந்து அந்தக் கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்து நாள் கருவை அழிக்கலாமா என்று பெரிய சண்டை. யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதனிலும், தோல் கலத்துக்குள் நாலு மரபணுவைச் செலுத்தி அதைக் கரு நிலைக்கே திருப்பிவிட்டார். 2012இல் நோபல் பரிசு. கருவைத் தொடவே வேண்டாம் என்று நான் துள்ளியதை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்றுமேடையில் ஓர் இலையும் கணுவும் உள்ள துண்டை ஊன்றினால் முழுச் செடி வருகிறதே, அப்படித்தான் என்றேன். (கணுவில் மொட்டு ஏற்கெனவே இருக்கிறது, உவமை சரியில்லை. வாத்தியார் புத்தி.) அவன் அந்தத் துண்டையே பிடித்துக்கொண்டான்.

"சொந்தக் கொழுப்பில் எடுப்பதுதானே சார், ஒன்றும் ஆகாது" என்றான் வந்தவன். புளோரிடாவில் மூன்று பெண்களுக்குச் சொந்தக் கொழுப்பில் எடுத்ததைத்தான் கண்ணில் ஏற்றினார்கள்; இருந்த பார்வையும் ஏறக்குறைய போயிற்று. 2017இல் வைத்தியச் சஞ்சிகையில் வந்தது. அதே வருடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எழுதி வைத்தது: எலும்பு மஜ்ஜை மாற்றுப் போன்ற இரத்தச் சிகிச்சைகள் தவிர மற்றதெல்லாம் இன்னும் பரிசோதனைதான். பரிசோதனைக்கு உடம்பைக் கொடுக்கிறவனிடமே காசு வாங்குவது என்ன நியாயம் மச்சான்? இந்த ஆளிடம் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே தாளை மடித்தான்.

தம்பி கத்தவில்லை. போனைத் திருப்பிக் காட்டினான். ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் நாலு பேருக்கு யமனாக்கா முறைக் கலங்களை வைத்ததில் இரண்டு பேருக்கு அசைவு கூடியிருக்கிறது, ஒருவர் எழுந்து நிற்கிறார். "இதுவும் பொய்யாண்ணா?"

பொய்யில்லை. ஆனால் அவர்களுக்கு அடிபட்டு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் வைத்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு இஸ்தோப்பில் போய் நின்றேன்.

அந்த ஆள் சனிக்கிழமை முன்பணத்துக்கு வருகிறான். அம்மா தோட்டையும் கழற்றி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் தம்பிக்குப் போன் எடு. கரம்போர்ட் விவகாரத்துக்குப் பிறகு நீ சொன்னால்தான் கேட்பான். அந்த நாலு வாரக் கணக்கை நீயே சொல்லிவிடு. வேண்டாம், முதலில் எனக்கு எடு.

உன்
வாத்தி