பூட்டிய கோப்பும் 39 நாளும்

இரங்கூன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். மின்சாரம் நடுநிசிக்கு மேல்தான் வருகிறது. அப்போது எழுந்து கணினியில் உட்காருகிறேன்.

தாத்தாவின் எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டவர் பதிவுச் சான்று, குடும்பப் பட்டியல், என் பச்சைக் குடியுரிமை அட்டை, எல்லாவற்றையும் படமெடுத்து, வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பூட்டிய கோப்புக்குள் போட்டுவிட்டேன். 65 வயதில், யாரையும் கேட்காமல். கடவுச்சொல் 20 எழுத்துக்குக் குறையக்கூடாது என்றாயே, பாட்டியின் தாலாட்டில் ஒரு வரியை ஆங்கில எழுத்தில் தட்டினேன். எந்த வரி என்று எழுத மாட்டேன். திறந்தபடியே விட்டு எழுந்துபோனால் பூட்டியும் பயனில்லை என்றாய். நீயும் அதை மறக்காதே.

பக்கத்தில் இன்னொரு கோப்பு, 'பழசு' என்ற பெயரில், 4 ஜிபி. நீ போகும் முன் வைத்தது. இரண்டு தடவை முயன்றேன், திறக்கவில்லை. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் அந்த மென்பொருளை எழுதியவர்களாலும் மீட்க முடியாது என்றாய். அது உன் நினைவில் மட்டும்தானே இருக்கிறது? 39 நாளாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேலை இருக்கும். அம்மாவுக்கு இரண்டு வரி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

பாட்டி திதிக்கு வராதே. கட்டாய ராணுவச் சேவைக்குப் பிடித்துப்போவார்கள், உனக்கு 35 முடியட்டும். எப்போது வந்தாலும் உன் கணினியை எடுத்து வராதே. எதிரே நிற்பவன் கடவுச்சொல்லைச் சொல் என்றால் எந்தப் பூட்டு காப்பாற்றும்? திறந்தபடி விடாதே, அதையும் மறக்காதே.

கேட்கவில்லை என்றேன். கேட்க எனக்கு வாயில்லை. 1988-இல் உன் சித்தப்பாவின் கடிதங்களைக் கரையான் தின்றது என்று பாட்டி சாகும்வரை சொன்னாள். கரையான் இல்லை, தம்பி. தெருமுனையில் ராணுவ லாரிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் போட்டவன் நான்தான். ஒன்றையும் படிக்கவில்லை. லாரி நம் தெருவுக்குள் வரவே இல்லை. அவன் கையெழுத்துள்ள தாள் ஒன்றுகூட இன்று வீட்டில் இல்லை.

உன் கோப்பை அழித்துவிடச் சொல்லி அம்மா அழுதாள். அழிக்கவில்லை. பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, நீ சின்ன வயதில் காசு ஒளித்துவைப்பாயே, அங்கே வைத்திருக்கிறேன்.

இதைக் கொண்டுவரும் மாமா பதினைந்து நாளில் திரும்புவார். அவர் கையில் இரண்டு வரி கொடுத்தனுப்பு.

அப்பா