ஃபவுண்டேஷன் முடித்தால் சோஷியல் வொர்க் சீட் உறுதி என்று சொன்ன உங்கள் வேலூர் அலுவலகத்துக்கு

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகம், வேலூர்.

ஐயா,

நான் குடியாத்தம் பக்கம் ஒரு அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். என் மகள் இங்கிலாந்தில் ஃபவுண்டேஷன் என்கிற தயாரிப்பு வருடத்தை முடித்து சோஷியல் வொர்க், அதாவது சமூகப் பணி, படிக்க வேண்டும் என்று கடந்த மே மாதம் உங்களிடம் 25,000 ரூபாயும், ஜூனில் 60,000 ரூபாயும் கட்டினேன். ரசீது ரெண்டின் நகலும் இதோடு இருக்கிறது. அந்தப் பணம் எனக்குத் திரும்ப வேண்டும். ஏன் என்று கீழே எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதல் நாள் நானும் மகளும் வந்து உட்கார்ந்தபோது உங்கள் கவுன்சிலர் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, ஒரு வருஷம் ஃபவுண்டேஷன், அதை பாஸ் பண்ணிட்டா நேரா டிகிரி முதல் வருஷம், மூணு வருஷத்துல பாப்பா சோஷியல் வொர்க்கர்." நான் ரெண்டு தடவை கேட்டேன், நடுவில் வேறு பரீட்சை ஏதாவது உண்டா என்று. எதுவும் இல்லை, எல்லாம் ஆட்டோமேட்டிக் என்றார்.

உங்கள் மூலமாக வந்த ஆஃபர் லெட்டரை மகள் போன மாதம்தான் வரி வரியாகப் படித்தாள். அது பல்கலைக்கழகத்தின் சோஷியல் வொர்க் டிகிரியோடு சேர்ந்த ஃபவுண்டேஷன் வருடமே இல்லை. தனியாக ஒரு கல்லூரி நடத்துகிற, உடல்நலமும் சமூகப் பராமரிப்பும் பற்றிய பொதுவான ஒரு வருடப் படிப்பு. பாஸ் செய்தால் டிகிரிக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். உடனே அவளே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டாள், மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. சோஷியல் வொர்க்குக்குத் தனியாக நேர்காணல் உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு, குற்றப் பின்னணி சரிபார்ப்பு உண்டு, ஃபவுண்டேஷனில் எவ்வளவு மார்க் எடுத்தாலும் இதெல்லாம் தாண்டித்தான் வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அந்த விதியை நான் குறை சொல்லவில்லை, இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் சோஷியல் வொர்க்கர் என்ற பெயரையே பதிவு செய்தவர்கள் மட்டும்தான் போட்டுக்கொள்ள முடியும். 2019 டிசம்பரிலிருந்து சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் அங்கீகரித்த படிப்பை முடித்தால்தான் பதிவு. மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சமூகப் பணியாளர்களின் உதவியை வாழ்க்கையில் பெற்றவர்களுக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு மனசு நிறைந்துதான் போனது. தாய் தகப்பனாலேயே ஆபத்து இருக்கிற குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு எடுக்கிற வேலை அது, அதற்கு ஆள் எடுப்பதில் அவ்வளவு கவனம் இருக்கத்தான் வேண்டும். 20 வருடமாகக் குழந்தைகளோடு இருக்கிறவள் நான், எனக்கு அது தெரியும். அப்படிப்பட்ட தேர்வு இருக்கிறது என்பதை எங்களிடம் மறைத்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னும் இருக்கிறது. வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், சாப்பாட்டுச் செலவு அதிலேயே வந்துவிடும் என்று சொன்னீர்கள். டிகிரி மட்டத்துக்குக் கீழே உள்ள படிப்பு என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் 10 மணி நேரம்தான், இவளுக்கு வந்திருப்பது அந்த வகைதான். நாங்கள் போட்ட கணக்கு முழுவதும் 20 மணி நேரத்தை வைத்து. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6 எடுத்தது போதும் என்றீர்கள். ஃபவுண்டேஷனுக்குப் போதும், சரி, ஆனால் சோஷியல் வொர்க் டிகிரிக்குப் பல இடங்களில் 7 கேட்கிறார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிகிரி சேர்ந்த பிறகும் 200 நாள் பயிற்சி உண்டு, பெரும்பகுதி களத்தில், அந்த நாட்களில் பகுதி நேர வேலையை எப்படிப் பார்ப்பாள் என்று யாரும் எங்களை யோசிக்கச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. இவள் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 521. இந்த மதிப்பெண்ணுக்கு நேரடியாக முதல் வருடத்துக்கே விண்ணப்பித்திருக்கலாம் என்று பல்கலைக்கழகத்தின் அதே பதிலில் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 7 வாங்கி, நேர்காணலுக்குத் தயார் செய்திருந்தால் போதும். தேவையே இல்லாத ஒரு வருடத்தை எங்களிடம் விற்றிருக்கிறீர்கள். அந்த வருடக் கட்டணம், தங்கும் செலவு, அப்புறம் விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், எல்லாம் தேவையில்லாத கூடுதல்.

உங்கள் பேச்சை நம்பி சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் கிடைத்த பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி இளங்கலை) இடத்தை ஜூனில் விட்டுவிட்டாள். 1952-ல் தொடங்கிய கல்லூரி, மூன்றே வருடம், ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். என் மாமனாருக்குச் சர்க்கரையால் கால் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு சமூகப் பணியாளர் அம்மா மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து காப்பீட்டு அட்டையிலிருந்து கட்டைக் கால் வரைக்கும் எல்லாம் விளக்கினார். அன்றைக்கு எட்டாவது படித்த பெண் இவள், அன்றிலிருந்து வேறு படிப்பை நினைத்ததே இல்லை. அவளுக்கு ஒரு வருடம் போய்விட்டது, அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது, நான் அதைக் கேட்கவும் இல்லை.

கேட்பது இதுதான். 85,000 ரூபாயை 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுங்கள். ஃபவுண்டேஷனுக்கு வருகிற மற்றப் பிள்ளைகளிடம், டிகிரிக்குத் தனித் தேர்வு உண்டு என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள், நான் வந்த அன்றைக்கு வாணியம்பாடியிலிருந்து ரெண்டு பெண் பிள்ளைகள் இதே படிப்புக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஃபைல் முடியும் வரை இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்ட அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் உடனே வேண்டும். அவற்றை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, ரெண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். உங்கள் கவுன்சிலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன, "100 சதவீதம் கேரண்டி" என்று எழுதியது உட்பட.

சான்றிதழ்களை வாங்க வெள்ளிக்கிழமை காலை நானே வருகிறேன். 11 மணிக்குள் எடுத்து வையுங்கள், மதியம் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட நான் சென்டரில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாணவியின் தாய், குடியாத்தம்