நான்கு நிலங்கள் சேரும் முனை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே அமெரிக்காவில், லாரமியில் குளிர் தொடங்கிவிட்டது. எல்லாரும் நலம்.

"அங்கே துப்பாக்கி வைத்திருக்கிறவன் எல்லாம் காட்டுக்குள் போய்ச் சுடலாமா?" என்று கேட்டிருந்தாய். வனத்துறையில் காலம் தள்ளியவன் நீ, கேட்காமல் இருப்பாயா? அப்படியெல்லாம் முடியாது. எந்த விலங்கு, எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. லைசென்ஸ் கையில் இருந்தாலும் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேட்டைக்குக் காலடி வைக்கக் கூடாது. 'உள்ளே வராதே' என்று போர்டு இல்லாவிட்டாலும் இந்த வயோமிங் மாநிலத்தில் அதுதான் சட்டம்.

மத்திய அரசு நிலம் அப்படியில்லை, பெரும்பாலும் யாரும் போகலாம். வயோமிங்கில் கிட்டத்தட்ட பாதி நிலம் அப்படிப்பட்டதுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதில்தான் வம்பே. 1860களில் ரயில் பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பெனிக்கு, பாதையின் இருபுறமும் ஒரு மைல் சதுரமாக நிலத்தைப் பிரித்து, ஒற்றைப்படை எண் கட்டங்களை அரசாங்கம் கொடுத்தது. இரட்டைப்படைக் கட்டங்களைத் தானே வைத்துக்கொண்டது. சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டம் இன்னொரு கறுப்புக் கட்டத்தை முனையில் மட்டும்தானே தொடும்? அதே நிலைமைதான். கம்பெனி நிலம் கைமாறிப் பண்ணைகளாகிவிட்டது. ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக, அந்த முனையைத் தாண்டியாக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு அப்படி ஒரு முனையைப் பார்க்கப் போனேன். தரையில் புதைத்த இரும்புக் குழாய், மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை மூடி. அதில் குறுக்கும் நெடுக்கும் கோடு, நான்கு கட்டங்களின் எண்கள். நம் ஊர் சர்வே கல் மாதிரிதான். அவர் போனில் வரைபடத்தைச் சரிபார்த்துவிட்டு, பொது நிலத்திலிருந்து எதிர்மூலைப் பொது நிலத்துக்கு ஒரே எட்டாக எட்டிவைத்தார். தனியார் மண்ணில் கால் படவில்லை. ஆனால் உடம்பு பண்ணைக்காரர்கள் நிலத்துக்கு மேலுள்ள காற்றைக் கடந்திருக்கும் அல்லவா? அதைத்தான் அவர்கள் அத்துமீறல் என்றார்கள்.

இங்கிருந்து ராலின்ஸ் போகும் வழியில் எல்க் மவுண்டன் என்று ஒரு மலை. அதைச் சுற்றியுள்ள பண்ணை வடக்குக் கரோலினாக்காரர் ஒருவருடையது. மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் 2021இல் ஓர் ஏணியைச் செய்து எடுத்துவந்து, முனைக்கு மேலே போட்டு ஏறி இறங்கினார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. 2022இல் ஜூரி விடுதலை செய்தது. உரிமையாளர் விடவில்லை, நிலத்தின் மதிப்பே குறைந்துவிட்டது என்று பல மில்லியன் டாலர் நஷ்டஈடு கேட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவர் மனுவை எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்புக்கு அடிப்படை, பொது நிலத்தை வேலி போட்டு அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் வருடச் சட்டம். இதே சட்டத்தில் 1988இல் வந்த வழக்கு உனக்குப் பிடிக்கும். ராலின்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில்தான் வேலி போட்டார், ஆனால் அது பொது நிலத்தையும் சேர்த்து வளைத்துவிட்டது. பிராங்ஹார்ன் மான் அவ்வளவு வேகமாக ஓடும், வேலியைத் தாண்ட மட்டும் பெரும்பாலும் முயலாது, கீழே இடுக்கு இருந்தால்தான் நுழையும். இந்த வேலியில் அதற்கும் வழியில்லை. குளிர்கால மேய்ச்சலுக்குப் போக முடியாமல் மான்கள் வேலியோரம் பட்டினியில் நின்றன. மானுக்கு வழிவிடச் சொன்னது நீதிமன்றம். மானுக்குக் கிடைத்த வழி மனிதனுக்கும் கிடைத்தது நியாயம்தான் என்பேன்.

பண்ணைக்காரர்கள் கவலையும் பொய்யில்லை. கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறவர்கள் உண்டு, மாடு வெளியேறினால் தேடுவது யார்? அதனால் எனக்கு மாநில அரசின் ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்து, வேட்டைக்காலத்தில் நிலத்தைத் திறக்கச் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி வேட்டைக்காரர்களே கொடுக்கும் நன்கொடை. சில இடங்களில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு நடந்தே போகலாம், சில இடங்களுக்கு முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு வடக்கே மான்டானாவைக் கட்டுப்படுத்தாது, அது வேறு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறது. அங்கே இன்னும் முனையைத் தாண்டப் பயப்படுகிறார்கள். வழக்கு வந்தால் எழுதுகிறேன். அப்புறம், மேய்ச்சல் மாடுகளைக் காட்டுக்குள் விடுவது பற்றி உன் பக்கத்து ஊர்க்காரர்களோடு பேசியதாக எழுதினாயே, அது என்ன ஆயிற்று?

அன்புடன்,
சுந்தரம்