கண் மஞ்சளாகாத காமாலை

ஆசிரியருக்கு வணக்கம்,

கர்ப்பிணிகளுக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்) பற்றி விரிவாக எழுதியது சரிதான், கடைசி மூன்று மாதத்தில் அது வந்தால் நூற்றில் 20, 25 பேர் வரைகூட உயிர் போகலாம். ஆனால் ஹெபடைடிஸ் பி-யை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே! அதில் பெரும்பாலும் கண்ணும் மஞ்சளாகாது, காய்ச்சலும் இருக்காது, ரத்தப் பரிசோதனை சொன்னால்தான் உண்டு.

என் தங்கைக்கு அப்படித்தான் மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. அட்டையில் 'பாசிட்டிவ்' என்று சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டார்கள், அதோடு சரி. வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு மில்லி ரத்தத்தில் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28-வது வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தரலாம் என்பதெல்லாம் வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிரசவ வார்டில் மூலைக் கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். (தட்டிலும் டம்ளரிலும் இது ஒட்டாது, ரத்தம், உடலுறவு வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும்.) இதற்கெல்லாம் இருந்த சுறுசுறுப்பு குழந்தைக்கு ஊசி போடுவதில் இல்லை. குழந்தை பிறந்தது சனிக்கிழமை ராத்திரி. தடுப்பூசி திங்கட்கிழமைதான் என்றார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, கூடவே முடிந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்புப் புரதம் உள்ள ஊசி) என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்ததால், நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை மாடி ஏறி இறங்கி, சண்டை போட்டு, விடிவதற்குள் இரண்டையும் போட வைத்தேன்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் 95 பேருக்குத் தானாகவே போய்விடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் 90 பேர் வரை அது கல்லீரலிலேயே தங்கிவிடும், அப்புறம் பல வருஷம் கழித்துச் கல்லீரல் சுருக்க நோயாகவோ (சிரோசிஸ்) புற்றுநோயாகவோ தலைகாட்டும்.

இன்னொன்று. பாசிட்டிவ் தாய்மார்கள் தாய்ப்பால் தருவதைத் தவிர்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகத் தரலாம். என் தங்கையும் தந்தாள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட போதும். எல்லாத் தவணையும் முடித்துப் பத்தாம் மாதம் எடுத்த பரிசோதனையில் குழந்தைக்கு நெகட்டிவ். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி